நாண்மீனும் நாற்காலியும்

பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்தோர்க்கு ஊரின் நினைவு பலவகையால் எழும். சிலர்க்குக் கோயில் திருவிழா, சிலர்க்கு ஆற்றங்கரை. நமக்கோ பனச்சமூட்டுக் கடைத்தெருவில் பக்கம் பக்கமாகத் தொங்கும் இரண்டு நாள்காட்டிகளே முதற்கண் நினைவுக்கு வரும்.

பனச்சமூடு, திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், வெள்ளறடைக்கு அருகில் அமைந்த சந்தை ஊர். 'மூடு' என்பது மரத்தின் அடிப்பகுதியைக் குறிக்கும் நம் வட்டாரச் சொல். ஊரை ஒட்டியே மாநில எல்லை செல்கிறது. அதற்கு அப்பால் குமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டம். மரச்சீனியும் ஏத்தன்குலையும் இரு புறத்திலிருந்தும் ஒரே சந்தைக்கு வருகின்றன. பெண் கொடுப்பதும் கொள்வதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று பேச்சைக் கேட்டுச் சொல்வதும் அரிது. கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு இரு புறத்தார்க்கும் பழக்கமானதே. ஆயினும் மாதப் பிறப்பு மட்டும் சில வேளைகளில் ஒரு நாள் மாறி நிற்கும்.

இதற்குக் காரணம் எளியது. கதிரவன் ஓர் இராசியினின்று அடுத்த இராசியிற் புகும் நேரத்தைச் சங்கிரமம் என்பர். அது கதிரவன் எழுந்ததிலிருந்து பதினெட்டு நாழிகைக்குள், அதாவது பகலின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது மலையாள வழக்கு. கதிரவன் மறைவதற்குள் நிகழ்ந்தாற் போதும் என்பது தமிழ் வழக்கு. ஆகவே பிற்பகலில் சங்கிரமம் நேரும் மாதங்களில், தமிழ் நாள்காட்டி முதல் தேதி காட்டும் அன்று மலையாள நாள்காட்டி சென்ற மாதத்தின் கடைசித் தேதியைக் காட்டி நிற்கும். வானம் ஒன்று, கதிரவனும் ஒன்று. கணக்கு மட்டும் இரண்டு. இந்த இரண்டு கணக்கும் நம் வாழ்விற் புகுந்து விளையாடிய செய்தியை இக்கட்டுரையின் இறுதியிற் கூறுவோம்.

கோள்கள் ஓரிடத்திற் கூடுவதால் ஒருவனுக்குப் பதவியும் அதிகாரமும் வருகின்றன என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே ஆழ வேரூன்றியது. மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் இதனை நாள்தோறும் காண்கிறோம். பதவி உயர்வுப் பட்டியல் வெளிவரும் காலத்தில் எத்தனையோ மேசை இழுப்பறைகளில் கோப்புகளுக்கு அடியிற் சாதகக் குறிப்பு இருக்கும். நம் இழுப்பறையிலும் அது இருந்ததுண்டு. இந்நம்பிக்கையை நாம் பிறந்த தென் திருவிதாங்கூர் மண்ணின் வரலாற்றோடு ஒப்புநோக்கின் என்ன தெரிகிறது என்பதே ஈண்டு நம் ஆராய்ச்சி.

நூல் கூறுவது

முதலில் சோதிட நூலார் கூறுவதை நேர்மையுடன் எடுத்துரைத்தல் முறை. ஒருவன் பிறக்கும் வேளையிற் கீழ்வானில் எழும் இராசி இலக்கினம் எனப்படும். அதிலிருந்து எண்ணிவரப் பத்தாவது இடம் கருமத்தானம். தொழில், பதவி, செலுத்தும் ஆணை ஆகியவற்றை அவ்விடங்கொண்டே கூறுவர். கோள்களுள் கதிரவன் அரசையும் அரசுப் பணியையும் குறிக்கும். சனி உழைப்பையும் ஏவற்பணியையும் குறிக்கும். புதன் கணக்குக்கும் எழுத்துக்கும் உரியது. இரண்டு கோள்கள் ஒரே இராசியில் நிற்பதைச் சேர்க்கை என்பர். கதிரவனும் புதனும் சேர்ந்தாற் புத ஆதித்திய யோகம். ஒன்பதாம் இடத்துக்கு உரிய கோளும் பத்தாம் இடத்துக்கு உரிய கோளும் சேர்ந்தாற் தருமகருமாதிபதி யோகம். இவை உடையோர் பலரை ஆளும் நிலையை அடைவர் என்பது கொள்கை.

இவற்றுள் முதலாவதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் பூமியிலிருந்து நோக்குங்கால், புதன் கதிரவனை விட்டு ஏறத்தாழ 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. ஓர் இராசியின் அளவோ 30 பாகை. எனவே எவர் சாதகத்திலும் புதன் கதிரவனோடு ஒரே இராசியில் இருக்கும்; தவறினால் அடுத்த வீட்டில் இருக்கும். இந்த யோகம் மிகப் பலருக்கு அமைவது இதனாலேயே. அமைந்தவர் அனைவரும் அதிகாரிகள் ஆயின் அலுவலகங்களிற் கோப்பைச் சுமப்பதற்கு ஆள் கிடைக்காது.

வராகமிகிரர் கி.பி. ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருகச்சாதகம் இத்துறையின் தலையாய நூல். அதன் பத்தாம் அத்தியாயம் தொழிலைப் பற்றியது; பதினோராம் அத்தியாயம் அரச யோகங்களைப் பற்றியது. முதற் பத்து அத்தியாயங்களுக்கு எழுந்த தசாத்தியாயி என்னும் உரை கேரளத்திற் பெரிதும் போற்றப்படுவது. தலக்குளத்தூர்ப் பட்டதிரி இயற்றியதென்பது மரபு. அரச யோக அத்தியாயத்தில் நம் கருத்தை ஈர்க்கும் ஒரு விதி உளது. வலிமை பெற்ற கோள்கள் மூன்று முதலாக அமைந்தால் அரச குடியிற் பிறந்தவன் அரசனாவான். பிற குடியிற் பிறந்தவன் அரசனாவதற்கோ ஐந்து முதலாக அமைதல் வேண்டும். அதனிற் குறைந்தால் அவன் செல்வன் ஆகலாம், அரசன் ஆகான். இதன் பொருள் யாது? கோள்களை எண்ணும் முன்னர் நூலாசிரியரே குடியை எண்ணிவிட்டார். அரண்மனையிற் பிறந்தவனுக்குச் சலுகையாக இரண்டு கோள்கள் குறைக்கப்பட்டன. வானத்தை நோக்கி எழுதிய நூலிலும் மண்ணின் கணக்கு மறையவில்லை.

மற்றொரு விதியும் உண்டு. வலிமை பெற்ற கோள்கள் நான்கோ அதற்கு மேலோ ஒரே இராசியிற் கூடின் அப்போது பிறந்தவன் துறவியாவான் என்கிறது அதே நூல். மிகப் பெரிய சேர்க்கை மிகப் பெரிய பதவியைத் தரும் என்று நினைப்போர்க்கு இது வியப்பாக இருக்கும்.

சேர நாட்டுச் செய்திகள் இரண்டு

வானத்துக்கும் அரசுக்கும் தொடர்பு காணும் வழக்கம் நம்மிடையே மிகப் பழமையானது. புறநானூற்றின் 229ஆம் பாட்டு, கூடலூர் கிழார் வானில் ஒரு மீன் எரிந்து வீழக் கண்டு அரசனுக்கு என்ன நேருமோ என அஞ்சியதையும், ஏழாம் நாள் சேர மன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததையும் கூறுகிறது.

சிலப்பதிகாரம் கூறும் செய்தியோ இதற்கு மறுதலையானது. சேரன் அவையில், அரசாளும் குறி இளையவராகிய இளங்கோவுக்கே உளது என்றான் ஒரு நிமித்திகன். மூத்தவராகிய செங்குட்டுவன் உள்ளம் வருந்தலாகாது என்று எண்ணிய இளங்கோ அரசுரிமையைத் துறந்து அடிகள் ஆயினார். வரும் என்று கூறப்பட்ட பதவியை ஒருவர் தம் விருப்பினால் தள்ளிவிட்டார். நிமித்திகன் பெயரை நாம் அறியோம். துறந்தவர் பெயரைக் குழந்தையும் அறியும்.

நாண்மீன் பெயர் கொண்ட வேந்தர்

இனித் திருவிதாங்கூருக்கு வருவோம். அரசர்களைப் பிறந்த நாண்மீனாகிய நட்சத்திரத்தின் பெயரால் அழைத்த நாடு அது. அனுஷம் எனப்படும் அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1729 முதல் 1758 வரை ஆண்டார். கார்த்திகைத் திருநாள், சுவாதித் திருநாள், ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள் எனப் பின்வந்தோர் பெயரும் வானத்திலிருந்தே வந்தன. இத்தகைய நாட்டில் அரியணையைக் கோள்களே பங்கிட்டிருக்கும் என்று அயலார் கருதுவது இயல்பு.

உண்மையில் அரியணையைப் பங்கிட்டது மருமக்கள் தாயம் என்னும் குடும்ப முறை. அரசனுக்குப் பின் அவன் தம்பியோ உடன்பிறந்தாள் மகனோ ஆள்வான்; அரசன் பெற்ற மகனுக்கு உரிமை இல்லை. அவன் சாதகத்தில் ஐந்து கோள் உச்சம் பெற்றாலும் இல்லை. மார்த்தாண்ட வர்மாவுக்கு முன் ஆண்ட இராமவர்மாவின் மக்களாகிய தம்பிமார் இருவர் இம்முறையை எதிர்த்தே போரிட்டனர், தோற்றனர்.

அப்போராட்ட நாட்களில் இளவரசராகிய மார்த்தாண்ட வர்மா பகைவர்க்கு அஞ்சி நெய்யாற்றின்கரையில் ஒரு பலா மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழிச் செய்தி. அம்மச்சிப் பிலாவு என்னும் அம்மரத்தின் அடிப்பகுதியை அங்குள்ள கிருஷ்ணன் கோயில் வளாகத்திற் காக்கின்றனர். நம் பகுதிக் குழந்தைகள் பள்ளிச் சுற்றுலாவில் முதலிற் காணும் வரலாற்றுச் சின்னம் அதுவே. அனிழத்திற் பிறந்தவரை அன்று காத்தது ஒரு மரத்தின் மூடு.

அவரே 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். சிறைப்பட்டவருள் டிலனாய் என்பவர் ஒருவர். கைதியாக வந்த அவர் வேணாட்டுப் படைக்கு மேனாட்டு முறையிற் பயிற்சி அளித்து, படைத்தலைவராக உயர்ந்து, 1777இல் இறந்தார். தக்கலைக்கு அருகில் உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்குப் பதவி எவ்வாறு வரும் என்பதற்கு அக்கல்லறையினும் சிறந்த பாடம் நாம் அறிந்தவரை இல்லை. அவருக்குத் தெரிந்த தொழில் இந்நாட்டுக்குத் தேவையாக இருந்தது.

இனி நாண்மீன்களைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் பழமொழிகளை எடுத்துக்கொள்வோம். ஆயில்யத்தை நற்சொல்லோடு கூறுவார் இலர். ஆயினும் ஆயில்யம் திருநாள் 1860 முதல் 1880 வரை ஆண்ட காலத்திலேயே, 1865இல் அரசு நிலத்து உழவர்க்கு நில உரிமை தந்த பண்டாரப்பாட்ட விளம்பரம் வெளிவந்தது. 1869இல் திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகக் கட்டடம் திறக்கப்பட்டது. பூராடம் நூலாடாது என்று கூறிப் பூராடத்துப் பெண்ணை ஒதுக்குவர். பூராடம் திருநாள் சேது லட்சுமி பாயி 1924 முதல் 1931 வரை நாட்டை ஆண்டார். அவர் கணவர் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார். கோயிற் கதவுகளை ஒடுக்கப்பட்டோர்க்குத் திறந்துவிட்ட விளம்பரத்தை 1936 நவம்பர் 12 அன்று, தம் பிறந்தநாளில், வெளியிட்டவர் சித்திரைத் திருநாள்.

ஆண் மூலம் அரசாளும் என்பது மற்றொரு பழமொழி. மூலம் திருநாள் 1885 முதல் 1924 வரை முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆண்டதைச் சான்றாகக் காட்டுவர். 1888இல் சட்டமன்றமும், 1904இல் ஸ்ரீமூலம் மக்கள் அவையும் அவர் காலத்தில் தோன்றியது உண்மை. ஆயினும் அவர் அரசரானது ஆயில்யம் திருநாளுக்கும் விசாகம் திருநாளுக்கும் பின் குடும்ப வரிசை அவரிடம் வந்து சேர்ந்ததால். அதே மூலத்தில் அதே நாட்டிற் பிறந்த எத்தனையோ ஆயிரவர் பனை ஏறினர்; வயலில் உழுதனர்; பாறை உடைத்தனர். பழமொழி அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

விண்ணப்பமும் தேர்வும்

அரியணைக்குக் குடும்ப வரிசை. அரசுப் பணிக்கு எது? இங்கும் வரலாறு தெளிவாகவே பேசுகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் உயர் பதவிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்த அந்தணர் கையில் இருந்தன. இதனை எதிர்த்து 1891இல் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மலையாளி விண்ணப்பம் மூலம் திருநாளிடம் அளிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்தோர் பதவிகளைப் பற்றிக்கொண்டனர் என்பதே குறை. இன்று அயலூர்களில் வாழும் நாம் இதனைப் படிக்குங்கால் சற்று நாணத்தோடும் படிக்க வேண்டும். நம்மை நோக்கி அயலூரார் கூறும் சொல்லை அன்று நம்மவரை நோக்கி மலையாளிகள் கூறினர்.

அவ்விண்ணப்பத்தில் ஒப்பமிட்டோருள் ஒருவர் டாக்டர் பல்ப்பு. 1863இற் பிறந்த அவர் சென்னையில் மருத்துவம் பயின்று தேறியவர். ஈழவர் என்பதனால் அவருக்குச் சொந்த நாட்டில் அரசுப் பணி மறுக்கப்பட்டது. மைசூர் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. பின்னர் 1896இல் 13,176 பேர் ஒப்பத்துடன் ஈழவ விண்ணப்பத்தை அவரே முன்னின்று அளித்தார். திருவிதாங்கூரில் இல்லாத தொழில் யோகம் மைசூர் எல்லையைத் தாண்டியதும் எங்கிருந்து வந்தது? கோள்கள் மாறவில்லை; கதவைக் காத்து நின்றவர் மாறினார், அவ்வளவே.

1930களில் நிவர்த்தன இயக்கம் எழுந்தது. ஈழவரும் கிறித்தவரும் இசுலாமியரும் ஒன்றுகூடிப் பணிகளிலும் அவைகளிலும் பங்கு கேட்டனர். அதன் பின்னரே 1936இல் அரசுப் பணிகளுக்கு ஆள் தெரிவு செய்யப் பொதுப்பணி ஆணையர் அமர்த்தப்பட்டார். பதவிக்கு உரிய வழி விண்ணப்பத்தாளும் தேர்வும் ஆயின. சாதகக் கட்டத்துக்கு அத்தாளில் இடம் இல்லை.

எல்லைக்கோடு

விடுதலைக்குப் பின் தென் திருவிதாங்கூர்த் தமிழர் தம் வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடினர். மார்ஷல் நேசமணி அப்போராட்டத்தின் தலைவர். 1954 ஆகஸ்டு 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் குமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டிற் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் கோரப்பட்ட வட்டமே. அது கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டின் அருகே எல்லைக்கல் நடப்பட்டது அவ்வாறே.

1957ஆம் ஆண்டில் ஒரே நாளில் ஒரே நாழிகையில் அந்த எல்லைக்கு இப்புறம் ஓர் ஆண் மகவும், கூப்பிடு தொலைவில் அப்புறம் ஓர் ஆண் மகவும் பிறந்தன எனக் கொள்வோம். இலக்கினம் ஒன்று, நாண்மீன் ஒன்று, பத்தாம் இடத்துச் சேர்க்கையும் ஒன்றே. ஒருவன் மலையாளத்திற் பயின்று கேரளத் தேர்வாணையத்தின் வழி எழுத்தரானான். மற்றவன் தமிழிற் பயின்று தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தின் வழி எழுத்தரானான். முன்னவன் கேரள விதிப்படி 56 வயதில், 2013இல் ஓய்வு பெறுவான். பின்னவன் தமிழ்நாட்டு விதிப்படி 58 வயதில், 2015இல் ஓய்வு பெறுவான். ஈராண்டுப் பணியும், ஈராண்டு ஊதியமும், அவ்வீராண்டில் வரக்கூடிய பதவி உயர்வும் ஓர் எல்லைக்கல்லின் செயல். எந்தப் பஞ்சாங்கத்தின் எந்தக் கட்டத்தில் அக்கல் குறிக்கப்பட்டுள்ளது?

எட்டுக் கோள்கள் கூடிய நாள்

சேர்க்கைகளுள் மிகப் பெரியது என்று நம் பெற்றோர் காலத்தார் இன்றும் பேசுவது 1962இன் அட்டகிரகச் சேர்க்கை. அவ்வாண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை கதிரவன், திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஏழும் கேதுவும் மகர இராசியிற் கூடின. உலகம் அழியும் என்று நாடெங்கும் அச்சம் பரவியது. வேள்விகள் நடந்தன, பயணங்கள் தள்ளிவைக்கப்பட்டன. தலைமை அமைச்சர் நேரு அதனை நகைத்து ஒதுக்கினார். அம்மூன்று நாட்களும் மற்ற நாட்களைப் போலவே கழிந்தன.

அதே மாதம் 19 முதல் 25 வரை மூன்றாம் பொதுத்தேர்தல் நடைபெற்றது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். மகரத்தில் எட்டுக் கோள்கள் கூடிய இரு வாரங்களுக்குப் பின், வாக்குச்சாவடிகளிற் கோடிக்கணக்கான மக்கள் கூடினர். நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி நாடாளுமன்றத்துக்குச் சென்றார். சென்னையில் முதலமைச்சராகக் காமராசர் தொடர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரிற் சீனப் போர் மூண்டதைக் காட்டிச் சோதிடம் பொய்க்கவில்லை என்பாரும் உளர். எட்டு மாதம் கழித்து வந்ததையும் பலனாகக் கொள்ளலாம் எனின், எந்தச் சேர்க்கைக்கும் ஏதேனும் ஒன்று பலனாக அகப்படாமற் போகாது. மறு ஆண்டு, 1963 அக்டோபரில், காமராசர் கட்சிப்பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். யாரும் கேட்காமல் நாற்காலியினின்று எழுந்த அவரை நினைக்குங்கால் இளங்கோவே நம் நினைவுக்கு வருகிறார்.

நம் கதை

இவ்வளவும் கூறிய நாம் சோதிடத்தினின்று விலகி நின்றவர் அல்லேம். நாமும் மூலத்திற் பிறந்தவரே. அரசாளப் பிறந்தவன் என்னும் சொல் தொட்டிலிலேயே நம் காதில் விழுந்தது. பத்தாம் இடத்திற் கதிரவனும் புதனும் கூடியதால் நாற்பதுக்குள் அதிகாரி நாற்காலி உறுதி என்று குறிப்பிலும் எழுதப்பட்டது. நம் தமக்கையாரும் மூலமே. பழமொழியின் முற்பாதி நமக்கு வழங்கப்பட்டது. பெண் மூலம் நிர்மூலம் என்னும் பிற்பாதி அவர்க்கு வழங்கப்பட்டது. வந்த வரன்கள் எல்லாம் நாண்மீன் பெயரைக் கேட்டுத் திரும்பின. முப்பத்திரண்டாம் வயது வரை அவர் காத்திருந்தார். ஒரே வீட்டில், ஒரே நாண்மீனில், ஒரு பிள்ளைக்கு வாழ்த்தும் மற்றொரு பிள்ளைக்கு வசையும் கிடைத்ததை நாம் நெடுநாள் வியப்பாகவே கருதவில்லை. அதுவே இன்று நம்மை மிகவும் உறுத்துவது.

2023 மே மாதம் நமக்கு ஒரு படி பதவி உயர்வும் வேற்றூர் மாற்றலும் சேர்ந்து வந்தன. மூலம் தனுசு இராசியைச் சேர்ந்தது. தனுசுக்கு ஏழரைச் சனி, சனி மகரத்தை விட்டுக் கும்பத்திற் புகும்போது முடியும். திருக்கணிதப்படி அது 2023 சனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20. இரண்டுக்கும் இடையே பதினொரு மாதம். பனச்சமூட்டில் நம் வீட்டுச் சுவரில் தொங்கியது வாக்கியக் கணக்கு. அடுத்த கடையின் மலையாள நாள்காட்டியிற் சனி எப்போதோ பெயர்ந்துவிட்டது. வீட்டார் அஞ்சினர், அவர்களினும் மிகுதியாக நாமே அஞ்சினோம். பதவி உயர்வு வேண்டா என்று எழுதிக் கொடுத்தோம். மறுத்தவர்க்கு ஓராண்டுக் காலம் மீண்டும் வாய்ப்பில்லை என்பது விதி. அதற்குள் ஏற்றுக்கொண்ட இளையவர் மூத்தவராவார். நமக்குப் பின் பணியிற் சேர்ந்து, நம்மிடம் குறிப்பெழுதக் கற்ற ஓர் இளைஞர் இன்று நம் குறிப்புகளைத் திருத்துகிறார். தவறு முழுவதும் நம்முடையதே. சனி மீது நாம் பழி கூறவில்லை. எந்தச் சனி மீது கூறுவது என்பதும் தெரியவில்லை, சனவரியிற் பெயர்ந்ததன் மீதா, டிசம்பரிற் பெயர்ந்ததன் மீதா?

கேரளத்துக் கணித மரபு இதற்கும் ஒரு விடை வைத்திருந்தது. வடசேரிப் பரமேசுவரர் என்னும் கணியர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் நோக்கி, பழைய கணக்கு வானத்தோடு பொருந்தாமை கண்டு, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். கணக்கும் காட்சியும் மாறுபடின் கணக்கைத் திருத்துக என்பது அவர் நெறி. சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவியதும் அதே நோக்கத்தால். நம் முன்னோரிடமிருந்து நாம் பெறவேண்டிய செல்வம் இது. அவர்கள் வானத்தை நோக்கிக் கணக்கைத் திருத்தினர். நாமோ கணக்கை நோக்கி வாழ்க்கையைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

பஞ்சாங்கத்தை வீட்டினின்று அகற்றுக என்று நாம் கூறவில்லை. தைப்பொங்கலும் திருவோணமும் அதனாலேயே நமக்கு வருகின்றன. ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு ஊரோடு உள்ள உறவில் ஒரு பகுதி அச்சுவரில்தான் தொங்குகிறது. பிள்ளைகளின் பள்ளி, பணி, மணம் ஆகியவற்றுக்கு அதனிடம் ஒப்பம் வாங்க வேண்டா என்பதே நம் விண்ணப்பம். திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினை உடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முதலாவதைப் படித்துவிட்டு நூலை மூடிவிடுபவர் பாதியே படித்தவர்.

விதித்த ஓராண்டு கழிந்து மீண்டும் ஆணை வந்தபோது ஊருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். அன்னையார் பஞ்சாங்கத்தைத் தேடினார். அருகில் இருந்த தமக்கையார் அவரிடமிருந்து தொலைபேசியை வாங்கி, "எந்த நாளில் இரயிலில் இடம் கிடைக்கிறதோ அந்த நாளிற் புறப்படு, தம்பி" என்றார். வியாழக்கிழமை இடம் கிடைத்தது. புறப்பட்டோம்.